அரிசி வாங்கப் போங்கள், ஆனால் அந்தக் கடையின் சாராய லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது

மளிகைச் சாமான் என்று பார்த்தால் எங்கள் டவுனில் இதைவிட நல்ல கடை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்கில், நாலு பக்கமும் செம்பனை நிற்கிற ஒரு சின்ன டவுன் எங்களுடையது. நடு வரிசையின் மூலைக்கடை அது. நான் அதே வரிசையில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் நான் கதவு திறக்கும்போது அங்கே ரொட்டி லாரி வந்து நிற்கும். இரவில் நான் மூடும்போதும் அங்கே விளக்கு எரியும். அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்கு மூலைக்கடை என்றால் போதும்.

பொன்னி அரிசியை மூட்டை பிரித்து ஒரு கிலோவாகவும் தருவார்கள். நெத்திலியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து வாங்கலாம். பருப்பில் வண்டு இருந்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். ஆடி மாதம் கூழுக்குக் கேழ்வரகு மாவு, பொங்கலுக்கு மண்பானையும் மஞ்சள் கொத்தும், கரும்பு எல்லாம் வந்துவிடும். ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் சாமான் வேன் போகிறது. மழையில் செம்மண் சாலை குழம்பிக் கிடந்தாலும் அந்த வேன் போகும். வயதானவர்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலிலேயே எண்ணெயும் சீனியும் வாங்கிக்கொள்வார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இந்தக் கடை செய்ததை எங்கள் ஊர் மறக்காது. வெளியே குத்தகை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கையில் காசு இல்லை. முதலாளி கணக்குப் பார்க்காமல் அரிசி, மாவு, சார்டின் டின் எல்லாவற்றையும் கடனுக்கு அனுப்பினார். எல்லாம் 555 நோட்டில்தான், அதாவது கடைக்கணக்கு எழுதுகிற சின்ன நோட்டில்தான், எழுதப்பட்டது. ஆளுக்கொரு நோட்டு, அட்டையில் பெயர், லயத்து எண். பல பேர் அந்தக் கடனை அடைக்க ஒரு வருடம் ஆனது. ஒருவரையும் அவர் வாசலில் நிறுத்திக் கேட்டதில்லை. அந்த முதலாளியை எனக்குப் பள்ளிக்கூடப் பையனாக இருந்த நாளிலிருந்து தெரியும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் எழுதுவதை அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்தக் கடையின் இன்னொரு பாதி கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. மேல் தட்டில் பீர் டின், நடுவில் பிராந்தி, விஸ்கி, கீழ்த்தட்டில் வரிசையாகச் சம்சு என்கிற மலிவுச் சாராயப் போத்தல். போத்தலில் மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு என்று மலாயில் அச்சடித்திருக்கும். பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு லைசென்ஸ் மாட்டியிருக்கிறது. நான் கிட்டே போய் நின்று படித்திருக்கிறேன். சில்லறை விற்பனை, காலை 7 முதல் இரவு 9 வரை. சில்லறை லைசென்ஸ் என்றால் போத்தலை மூடி திறக்காமல் விற்க வேண்டும், வாங்கியவர் அங்கேயே குடிக்கக் கூடாது. உட்கார்ந்து குடிக்கிற இடத்துக்கு லைசென்ஸ் வேறு வகை. இதெல்லாம் 1976 கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. லைசென்ஸ் கொடுப்பதும், கொடுக்காமல் விடுவதும், கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும் லைசென்ஸ் வாரியத்தின் கையில் இருக்கிறது.

முதலாளியின் அப்பா காலத்திலும் போத்தல் விற்றார்கள். ஆனால் அவர் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். சாராயத்துக்குக் கடன் கிடையாது. விளக்கு வைத்தபிறகு போத்தல் கிடையாது. பெரியவர் கல்லாவை மகனிடம் கொடுத்த பிறகு இரண்டும் போய்விட்டன.

இந்த வருடம் இரண்டு பெரிய சம்பவம் நடந்தது.

முதலாவது சம்பள வாரத்தில் நடந்தது. 1955 வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தொழிலாளி கைக்கு வந்தாக வேண்டும். அதனால் எங்கள் டவுனில் மாதத்தின் முதல் வாரம் ஒரு மாதிரியாகவும் மற்ற மூன்று வாரம் வேறு மாதிரியாகவும் இருக்கும். அன்று கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடையில் மூன்று பேர் ஒரே போத்தலுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு சம்சு சின்னச் சின்னப் போத்தலில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதைத் தடுக்க உணவு விதிமுறையைத் திருத்தி, கலவைச் சாராயத்தை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்று வைத்தார்கள். விதி நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் ஒரு ஆளால் முழுப் போத்தல் வாங்க முடியாதபோது மூன்று பேர் காசு சேர்க்கிறார்கள், அங்கேயே உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள். அன்று யார் எவ்வளவு போட்டது என்பதில் பேச்சு வளர்ந்தது. மச்சானும் மாப்பிள்ளையும்தான் சண்டைக்காரர்கள். காலிப் போத்தலைத் தூணில் தட்டி உடைத்து ஒருவர் மற்றவரின் முன்கையில் கிழித்துவிட்டார். என் கடையில் பாவாடை லைனிங்குக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கிழித்துத்தான் இரத்தத்தை நிறுத்தினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கார்க்காரர் ஒருவர் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது இதைவிட மோசம். கல்லாவில் நிற்கிற பெண்பிள்ளைக்கு 19 வயது. பள்ளிப்படிப்பு முடித்து, மேல்படிப்புக்குப் பணம் சேர்க்க வேலைக்கு வந்தவள். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது ஆகாதவர்களுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்பது சட்டம். மோட்டாரில் வந்த இரண்டு பையன்களிடம் அவள் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டிருக்கிறாள். அவள் செய்தது சரி. அதற்குத்தான் அடி வாங்கினாள். ஒருவன் கல்லா மேலிருந்த போத்தலை எடுத்து வீசினான். புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். அந்தப் பிள்ளை இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த நேரத்தில் சாராயக் கல்லாவில் ஒரு சின்னப் பெண்ணைத் தனியாக நிறுத்தியது யார் என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊர் விழித்தது. கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து மனு எழுதினோம். போலீஸ் ரிப்போர்ட் நகல்களை இணைத்தோம். லைசென்ஸை மறுபரிசீலனை செய்ய வாரியத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு அறையில் நீள மேசை, அதிகாரிகள் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், நாங்கள் சுவரோரம். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. தோட்டத்திலிருந்து வந்திருந்த இரண்டு அக்காமார்களுக்கு மலாய் பேச வரும், ஆனால் அந்த அறையில் பேச வாய் வரவில்லை.

அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆனால் கேள்வி எல்லாம் ஒரே திசையில் போனது. கடை வாசலில் எத்தனை சம்பவம், எத்தனை ரிப்போர்ட், கேமரா வேலை செய்கிறதா, விளக்கு இருக்கிறதா? முதலாளி புதிதாக நாலு கேமரா போடுவதாகவும், சம்பள வாரத்தில் ஒரு காவலாளி வைப்பதாகவும் சொன்னார். தலையாட்டினார்கள். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்தார்கள். வருடக் கடைசியில் லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள்.

கேமரா போட்டால் என்ன ஆகும்? சண்டை கேமரா இல்லாத இடத்துக்குப் போகும். அடிதடி வாசலில் நடந்தால்தான் லைசென்ஸோடு சம்பந்தப்பட்டது என்று எண்ணுவது எனக்குப் புரியவே இல்லை. என் கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண்கள் பாதிப் பேர் தோட்டத்துக்காரர்கள். கை அளவு எடுக்க டேப்பைத் தோளிலிருந்து இறக்கும்போது, மேல்கையில் நாலு விரல் தடம் நீலமாகத் தெரியும். "பனங்குலை விழுந்துடுச்சுக்கா" என்பார்கள். குலை விழுந்தால் விரல் தடம் பதியாது. கையை முழங்கைக்குக் கீழே வரைக்கும் நீளமாக வைக்கச் சொல்வார்கள். அப்படி நீளக்கை கேட்பவர்கள் மாத முதல் வாரத்துக்குப் பிறகுதான் அதிகம் வருகிறார்கள். இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. போத்தல் வாங்கியது மூலைக்கடையில், அடி விழுந்தது தோட்டத்துக்குள் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால். வாரியம் அந்தக் கதவுவரைக்கும் போய்ப் பார்க்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் போத்தல் எப்படி விற்கப்படுகிறது என்று பார்க்க முடியும். அதைத்தான் பார்க்கவில்லை.

எப்படி விற்கிறார்கள் என்று நான் அந்த அறையிலேயே சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

இரவு 9 மணிக்கு முன்கதவு இறங்கும். பின் சந்தில், குப்பைத் தொட்டி பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவு திறந்தே இருக்கும். தட்டினால் கை நீளும். முழுப் போத்தல் வாங்க முடியாதவருக்குப் போத்தலைத் திறந்து, ஐஸ் தேநீர் கட்டுகிற பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார்கள். சிறு போத்தலை ஒழித்த விதி இந்தப் பிளாஸ்டிக் பையில் செத்துப்போகிறது.

மூன்றாவது விஷயம் கடன். அரிசிக்கு எழுதிய அதே 555 நோட்டில் இப்போது சம்சுவும் எழுதப்படுகிறது. சாமான் பெயர் எழுத மாட்டார்கள், தொகை மட்டும் இருக்கும். மனைவி சாமான் கணக்கைக் கேட்டால் இரண்டும் கலந்து ஒரு தொகை சொல்வார்கள். கடன் ஏறியதும் பேங்க் கார்டைக் கேட்பார்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு சதுர பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ரகசிய எண். சம்பளம் ஏறிய அன்று காலையில் கடைப்பையன் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து பேங்க் மெஷினுக்குப் போவான். கடனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழிலாளி கையில் கொடுப்பார்கள். அந்த மிச்சத்தைக் கொடுக்கிற இடமும் சாராயத் தட்டுக்கு முன்னால்தான்.

1955 வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சாராயக் கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்து வேலை கொடுப்பவர் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது, அங்கேயே வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக மது கொடுக்கவும் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்குத் தோட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்திருக்கிறது. கூலியும் போத்தலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கூலி வீட்டுக்குப் போகாது. இன்றைக்குத் தோட்ட நிர்வாகம் சம்பளத்தைச் சட்டப்படி வங்கியில்தான் போடுகிறது. அந்தச் சம்பளம் பிஸ்கட் டின் வழியாகச் சுற்றி வந்து சாராயக் கடையிலேயே கைமாறுகிறது. எழுத்தில் எந்தப் பிரிவையும் தோட்டம் மீறவில்லை. நடப்பது என்னவோ அந்தப் பிரிவு தடுக்க நினைத்ததேதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் முதலாளி என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. "அக்கா, நான் விக்கலன்னா அவன் சும்மா இருப்பானா? கள்ளச் சரக்கு வாங்கிக் குடிச்சு கண்ணு போனா உங்களுக்குச் சம்மதமா?" என்றார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பல பேர் செத்தார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள்தான் அதில் அதிகம். எங்கள் தோட்டங்களிலும் இப்போது அந்த நாட்டுப் பிள்ளைகள்தான் குலை வெட்டுகிறார்கள். லைசென்ஸ் உள்ள கடையை மூடினால் சந்துக்குள் விற்பவன் முளைப்பான் என்பது உண்மையான பயம். ஆனால் தம்பி, நீங்களே பின்கதவில், மூடி திறந்து, பிளாஸ்டிக் பையில் விற்கிறீர்கள். அந்தப் பையைப் பார்த்து உள்ளே இருப்பது எந்தச் சரக்கு என்று யாரால் சொல்ல முடியும்? லைசென்ஸ் உள்ள கடைக்கும் இல்லாத கடைக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும் என்றுதானே லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "தோட்டத்து ஜனங்க அந்தக் காலத்துலேருந்தே இப்படித்தானேம்மா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. 1947இல் கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய, தோட்டத்து இளைஞர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. என் பாட்டி அதே கெடாவில் பீடோங் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர். காக்கி உடுப்புப் போட்ட பையன்கள் கடை முன்னால் வரிசையாக நிற்பதைச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததாகச் சொல்வார். தடியடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அத்தனை பேரும் தோட்டத்து ஜனங்கள்தான். அவர்களுக்குக் குடி பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே கடை வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

சரி, இப்போதைய நிலவரம். கேமரா வந்துவிட்டது. அஞ்சடியில் உட்கார விடுவதில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். சம்பள வாரத்தில் காவலாளி நிற்கிறார். ஐசி பார்க்கிறார்கள், கல்லாவில் இப்போது ஆண்கள்தான் நிற்கிறார்கள். பின்கதவு சில வாரம் மூடியிருந்தது, இப்போது மறுபடி தட்டுச் சத்தம் கேட்கிறது. பிளாஸ்டிக் பை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 555 நோட்டும் பிஸ்கட் டின்னும் அப்படியே இருக்கின்றன. வாசலில் சண்டை இல்லாததால் வருடக் கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. வாசல் சுத்தமாகிவிட்டது. நீளக்கை ரவிக்கை குறையவில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கடைக்கு மளிகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து வருபவர்களும் தாராளமாகப் போய் அரிசி, பருப்பு, கருவாடு வாங்கலாம். சாராய லைசென்ஸை மட்டும் இப்போது இருக்கிற நிலையில் புதுப்பிக்கக் கூடாது. சாராயத்துக்குக் கடன் கிடையாது என்று எழுதிக் கொடுத்து, டின்னில் உள்ள எல்லாக் கார்டையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்து, பின்கதவுக்குப் பூட்டுப் போட்ட பிறகு மறுபடி விண்ணப்பிக்கட்டும். பெரியவர் அப்படித்தான் நடத்தினார், கடை நட்டமாகவில்லை.

கார்டைக் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கார்டு உங்களுடையது, கடன் இருந்தாலும் அதை யாரும் பிடித்து வைக்க முடியாது. ஐசியோடு வங்கிக்கு நேராகப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு கேளுங்கள், புது ரகசிய எண் போடுங்கள். கடனை மாதாமாதம் கையில் கொடுத்து அடையுங்கள், ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுத வையுங்கள். வீட்டில் அடி வாங்குகிற அக்கா தங்கைகள் 15999க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அது அரசாங்கத்தின் தாலியான் காசிஹ் உதவி எண். குடும்ப வன்முறைச் சட்டம் 1994லேயே வந்துவிட்டது, பாதுகாப்பு உத்தரவு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வருடக் கடைசிக் கூட்டத்துக்கான மனு என் தையல் கடை மேசையில் இருக்கிறது. இந்த முறை அதில் வாசல் சண்டையைப் பற்றி ஒரு பத்திதான். மீதியெல்லாம் கடன், கார்டு, பின்கதவு. கையெழுத்துப் போட வருபவர்கள் ஐசியைக் கொண்டுவாருங்கள். 555 நோட்டு உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பக்கங்களைப் படம் பிடித்து மனுவோடு இணைக்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது என்றால் மூடி மறைத்துத்தான் இணைப்போம். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் பகல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், சாயங்காலம் திரும்பிப் போக வண்டி கிடைக்காது. பேச ஆள் வேண்டும் என்று இரண்டு ஆசிரியைகளிடம் கேட்டிருக்கிறேன், கூட்டத்தில் நீங்கள் தமிழில் சொன்னால் அவர்கள் மலாயில் சொல்வார்கள்.